பேச்சுக் குரலை வைத்துப் பாட்டுக் குரலை எடைபோடும்போது விடுகிற பிழைகள்

சாதாரணமாகப் பேசும்போது கரகரவென்று இருக்கும் ஒருவர் கூத்துக் களரியில் (கூத்து ஆடும் வட்ட அரங்கில்) விருத்தம் எடுத்தவுடன் குரல் கணீரென்று எழும். மட்டக்களப்புப் பக்கம் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கோயில் திருவிழாவில் அழகாக அறிவிப்புச் செய்கிறவர் தேவாரம் பாடத் தொடங்கினால் சுருதி விலகிப் போவதும் உண்டு. இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சிலர், பேசுகிற குரல் வேறு, பாடுகிற குரல் வேறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர், ஒருவர் பேசுவதைக் கேட்டே அவருக்குப் பாட்டு வருமா வராதா என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். இரண்டும் சரியில்லை.

தொண்டையில் இருப்பது ஒரே ஒரு சோடிக் குரல் நாண்கள்தான். பேசும்போது ஆணுக்கு அவை செக்கனுக்கு ஏறத்தாழ 100 முதல் 130 தடவை அதிரும், பெண்ணுக்கு 200 தடவை அளவில். பேச்சில் குரல் ஒரு சிறிய எல்லைக்குள் வழுக்கிக்கொண்டே போகும், எந்த ஒலியிலும் நிற்காது. பாட்டில் அதே நாண்கள் ஒரு சுரத்தில் நிலைத்து நிற்க வேண்டும், நெடிலை நீட்ட வேண்டும், மூச்சு அடியின் கடைசிவரை தாக்குப்பிடிக்க வேண்டும், இரண்டு ஸ்தாயி அளவுக்கு (ஒரு 'ஸ'விலிருந்து அடுத்த 'ஸ' வரை ஒரு ஸ்தாயி) ஏறி இறங்க வேண்டும். கருவி ஒன்றுதான், அது செய்கிற வேலை வேறு.

அதனால், பேச்சுக் குரல் இனிமையாக இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையைப் பாட்டிலிருந்து ஒதுக்குவதுதான் மிக மோசமான பிழை என்பேன். கேட்ட சுரத்தைத் திருப்பிப் பிடிப்பது காதும் பயிற்சியும் சேர்ந்த காரியம். குரலின் நயத்துக்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை. சுரத்தைப் பிரித்தறியவே முடியாதவர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் அவர்கள் மிகச் சிலர். பள்ளிக்கூடத்தில் யாரோ "உனக்குப் பாட்டு வராது" என்று சொன்னதால் வாயை மூடிக்கொண்ட எல்லோரும் அந்தச் சிலருக்குள் வரமாட்டார்கள்.

அடுத்த பிழை சுருதியில். இங்கே பேச்சுக் குரல் உண்மையிலேயே உதவும், அதை நாம்தான் பயன்படுத்துவதில்லை. சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற எண்ணால் சொல்வார்கள். கர்நாடக சங்கீதத்தில் ஆண்கள் பெரும்பாலும் 1 கட்டையையொட்டிப் பாடுவார்கள், பெண்கள் 5 கட்டையையொட்டி. 1 கட்டையில் ஆணின் மத்திய ஸ்தாயி ஸட்ஜம், அதாவது நடு 'ஸ', 131 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 131 அதிர்வு), 5 கட்டையில் பெண்ணின் ஸட்ஜம் 196 ஹேர்ட்ஸ். மேலே சொன்ன பேச்சுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அந்த ஸட்ஜத்திலிருந்து கீழே மந்திர பஞ்சமமும் (கீழ் ஸ்தாயி 'ப') மேலே தார பஞ்சமமும் (மேல் ஸ்தாயி 'ப') எட்ட வேண்டும் என்பதால், அமைதியாகப் பேசும் சுரத்துக்குப் பக்கத்தில் சுருதி வைத்தால் பலருக்குச் சரியாக அமைகிறது.

செய்து பார்ப்பதும் எளிது. பக்கத்தில் இருப்பவர் ஏதோ கேட்க "ம்ம்... சரி" என்று இயல்பாகச் சொல்வோமே, அந்த "ம்ம்"ஐ அப்படியே நீட்டுங்கள். சுருதிப் பெட்டியிலோ தொலைபேசிச் செயலியிலோ அது எந்தக் கட்டை என்று பாருங்கள். அங்கே தொடங்கி அரைக்கட்டை கூட்டியும் குறைத்தும் பாடிப் பார்த்தால் உங்கள் இடம் கிடைத்துவிடும். நாம் செய்வது இதற்கு நேர்மாறு. சினிமாப் பாட்டை இசைத்தட்டில் இருக்கும் சுருதியிலேயே பாட நிற்கிறோம். பஜனையில் ஆண் ஒருவர் ஒன்றரைக் கட்டையில் எடுத்துக்கொடுக்க, பெண்கள் கீழே முனகவோ மேலே கீச்சிடவோ வேண்டியதாகிறது. தேவாலயப் பாடகர் குழுவில் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று குரலின் உயரத்துக்கேற்பப் பிரித்துப் பாடுவதால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடுகிறது. கோயில் பஜனைக்காரரும் ஆண்களுக்கு ஒரு பாட்டு, பெண்களுக்கு ஒரு பாட்டு என்று சுருதியை மாற்றி வைக்கலாம், அதில் தெய்வக் குற்றம் ஒன்றும் இல்லை.

ஆனால் பேச்சு ஒரு தொடக்கக் குறிப்பு மட்டும்தான். தன் இயல்பான இடத்தில் பேசாதவர்கள் நம்மிடையே நிறையப் பேர். கம்பீரமாக இருக்கட்டும் என்று குரலை அடித்தொண்டைக்கு இறக்கிப் பேசும் ஆண்கள் உண்டு, அடக்கமாகத் தெரிய வேண்டும் என்று குரலைச் சுருக்கிக்கொள்ளும் பெண்களும் உண்டு. அந்தப் பழக்கக் குரலை அளந்து சுருதி வைத்தால் பிழையாகிவிடும். பேச்சில் ஆழமாக ஒலிக்கிறவர் பாட்டில் உச்சம் எளிதாகப் போகிறவராகவும் இருக்கலாம்.

நான் அதிகம் கவலைப்படுவது மூன்றாவது பிழையைப் பற்றித்தான்: பகல் முழுக்கப் பேசுவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. செக்கனுக்கு 200 தடவை என்றால், ஓர் ஆசிரியையின் குரல் நாண்கள் மொத்தமாக ஒரு மணி நேரம் ஒலிக்கும்போது 720,000 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன், இரவில் கூத்துப் பழக்கம் அல்லது கோயிலில் பாட்டு. மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கே பார்த்தாலும் இப்படி ஓடுகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இரவில் குரல் கம்மினால் "பாட்டுக் கூடிப்போச்சு" என்கிறார்கள். பாவம், பாட்டு என்ன செய்யும்? தகரக் கூரையில் மழை, மின்விசிறி, பக்கத்து வகுப்புச் சத்தம் எல்லாவற்றுக்கும் மேலாகக் கத்தியது பகலில். சத்தம் கூடக் கூட நாம் அறியாமலே குரலை உயர்த்துவோம் என்பதை லொம்பார்ட் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1911இலேயே எழுதினார். இப்படியே வருடக்கணக்காகப் போனால் நாண்களில் சிறு முடிச்சுகள் வரலாம். ஆசிரியர்களும் பாடகர்களும் அந்த நோய்க்கு அடிக்கடி ஆளாகிறவர்கள்.

இதற்குச் செய்யக்கூடியவை சின்னச் சின்ன விடயங்கள். பெரிய வகுப்பென்றால் மைக் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். பின்வாங்கில் இருப்பவனை அதட்டக் கத்தாமல் அவனிடம் நடந்து போங்கள். தண்ணீர்ப் போத்தல் மேசையில் இருக்கட்டும். பாட்டுக்கு முன் கொஞ்ச நேரம் வாயை மூடி இருங்கள். கூத்துப் பழகும் இரவுகளில் இன்னொன்று: கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே அதற்கு மேலால் கதை பேசாதீர்கள். என் கணிப்பில், பாடிய பாட்டை விட அந்தக் கதைதான் தொண்டையைக் கூடுதலாகத் தின்கிறது.

மத்தளத்துக்கு ஈடுகொடுக்கப் பாட்டையே கத்திப் பாடுவதும் இதோடு சேர்ந்ததுதான். 3000 ஹேர்ட்ஸ் அளவில் வரும் ஒலிகளுக்கு நம் காது மிகவும் கூர்மையானது. பெரிய வாத்தியக் குழுவுக்கு மேலால் ஒப்பராப் பாடகர்களின் குரல் எப்படிக் கேட்கிறது என்று சுவீடன் ஆய்வாளர் சுண்ட்பேர்க் 1970களில் விளக்கியபோது, அவர்களின் குரலில் அந்த இடத்தில் ஒலி திரண்டு நிற்பதைக் காட்டினார். ஆக, கழுத்து நரம்பு புடைக்கத் தேவையில்லை. தொண்டையை இறுக்காமல், வாயைத் திறந்து, எழுத்தைத் தெளிவாகச் சொன்னால் குரல் தூரம் போகும்.

பேசுகிற மாதிரியே பாடுவதும் சரிவராது. பேச்சில் உயிரொலியைச் சட்டென்று முடித்து ம், ன், ல் என்று மூடிவிடுவோம். பாட்டில் நீட்டுவது உயிரை, மெய்யைக் கடைசியில் தொட்டால் போதும். உச்சத்தில் இகரமும் உகரமும் தொண்டையை நெருக்கும்போது தாடையைச் சற்றுத் தளர்த்த வேண்டும். அதற்காகச் சொல்லைச் சிதைக்கக் கூடாது. களரியைச் சுற்றி இருப்பவர்களுக்குக் கதையே பாட்டில்தான் போய்ச் சேருகிறது.

பையன்களுக்குப் பெரும்பாலும் 12 முதல் 15 வயதுக்குள் குரல் உடையும். பேச்சும் பாட்டும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். அந்த மாதங்களில் போன வருடச் சுருதியில் பாடச் சொல்லி வதைக்க வேண்டாம், குழுவிலிருந்து நிறுத்தவும் வேண்டாம். நடு எல்லையில் மெதுவாகப் பாடட்டும்.

குரல் அடைத்தால் கிசுகிசுத்துப் பேசுவதும் அடிக்கடி கனைப்பதும் நாண்களுக்கு இன்னும் சுமையைக் கூட்டும். இஞ்சிப் பிளேன்டீ தொண்டைக்கு இதம்தான், ஆனால் விழுங்குவது உணவுக்குழாயில் போகிறது, நாண்கள் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். ஆவி பிடித்தால் அந்த ஈரம் நேராக நாண்களைத் தொடும். குடிக்கும் தண்ணீர் உடம்பின் வழியாக மெதுவாகப் போய்ச் சேரும்.

பேச்சு வழமைபோல இருக்கிறதே என்று ஏமாந்துவிடவும் கூடாது. நாண்கள் வீங்கத் தொடங்கினால் முதலில் போவது மெல்லிய உச்சக் குரல். வாரத்துக்கு ஒரு தடவை, தெரிந்த தாலாட்டு ஒன்றின் முதல் அடியை உயர்ந்த சுருதியில், குழந்தை விழிக்காத அளவு மெதுவாகப் பாடிப் பாருங்கள். முன்பு வந்த இடத்தில் இப்போது வெறும் காற்றுத்தான் வருகிறதென்றால் அன்றைக்குக் குரலுக்கு ஓய்வு கொடுங்கள். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால், திருவிழா நெருங்கினாலும் சரி, அரங்கேற்றம் நெருங்கினாலும் சரி, காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டிவிடுங்கள்.