தும்பை விட்டு வாலைப் பிடிக்காதீர்கள்: பெருவாளால் பொருளைக் காக்கும் கலையில் நேரும் தவறுகள்

1651-இல் போர்ச்சுகல் படைத்தலைவர் தியோகோ கோமெஸ் தெ ஃபிகெய்ரெதோ ஒரு சிறிய கையேடு எழுதினார். இரண்டு கைகளாலும் பிடித்துச் சுழற்றும் ஆளுயர வாள்தான் அதன் பொருள். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் அந்த வாளுக்கு மொந்தாந்தே என்று பெயர். கையேட்டில் எளிய விதிகள் 16, அவற்றுக்கு இணையாகக் கூட்டு விதிகள் 16. விதி என்று அவர் சொல்வது சட்டத்தை அல்ல, ஒரு சூழலுக்கென்று அடுக்கிய அசைவுத் தொடரை. குறுகிய தெருவுக்கு ஒன்று, அகன்ற தெருவுக்கு ஒன்று, துடுப்புக் கப்பலின் நடுப்பாதைக்கு ஒன்று, உடன் வரும் பெண்ணைக் காக்க ஒன்று, சண்டையை விலக்கிவிட ஒன்று. கீழே கிடக்கும் மேலங்கியைக் காப்பதற்கும் ஒரு விதி உண்டு.

முதல் முறை படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒரு துணிக்காகவா இவ்வளவு பெரிய வாள்? அந்தக் காலத்து மேலங்கியை நம் துண்டோடு ஒப்பிட்டதுதான் பிழை. அது கனத்த கம்பளித் துணி, விலை உயர்ந்த உடைமை. இரவில் மேலங்கியைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவனுக்கென்றே ஸ்பானிய மொழியில் காப்பெயாதோர் என்று தனிச்சொல் இருந்தது. ஒற்றைக் கை வாள் வைத்திருப்பவன் அங்கியை இடக்கையில் சுற்றிக் கேடயமாக்கிக்கொள்வான். மொந்தாந்தேக்கு இரண்டு கைகளும் வேண்டும், தோளும் தடையில்லாமல் சுழல வேண்டும். ஆகவே அங்கி தரைக்குப் போகிறது. தரைக்குப் போன பொருளுக்குக் காவல் தேவைப்படுகிறது.

அந்தக் கையேட்டை வைத்து இன்று இந்த ஒரு விதியைப் பழகத் தொடங்குபவர்கள் செய்யும் பிழைகள் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை. மனத்தில் இருப்பது இருவர் மோதும் வாட்சண்டை. கையில் எடுத்திருப்பதோ காவல் வேலை.

ஆளைத் துரத்துவது

எல்லாரும் செய்வது, நானும் செய்தது. பயிற்சிக்கு ஒரு கோணிச் சாக்கைத் தரையில் போட்டு அதுதான் அங்கி என்று வைத்துக்கொண்டோம். பஞ்சுறை போட்ட கழிகளோடு இரண்டு நண்பர்கள் வந்தார்கள். ஒருவன் முன்னால் நின்று சீண்டினான். இரண்டடி பாய்ந்து அவனை அழகாகப் பின்வாங்க வைத்தேன். திரும்பிப் பார்த்தால் சாக்கு இன்னொருவன் தோளில் இருந்தது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

கணக்கு எளியது. வாளின் நீளம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். பாதி நீட்டிய கை, எடுத்து வைக்கும் ஓரடி, எல்லாம் சேர்த்தால் உங்களைச் சுற்றி இரண்டு மீட்டருக்கு மேல் ஆரம் உள்ள ஒரு வட்டம் கிடைக்கிறது. அங்கி அந்த வட்டத்தின் நடுவில் இருக்கும்வரை, அதை எடுக்க வருகிறவன் ஓடிவந்து குனிய வேண்டும், தலையையும் கையையும் வாள் ஓடும் பாதைக்குள் நீட்ட வேண்டும். கொஞ்சமாவது புத்தியுள்ளவன் அதைச் செய்ய மாட்டான். நீங்கள் இரண்டடி நகர்ந்தால் வட்டமும் உங்களோடு நகர்கிறது, அங்கி அதன் விளிம்புக்குப் போய்விடுகிறது. மூன்றாவது அடியில் அங்கி வெளியே.

அதனால் இங்கே வெட்டு என்பது எதிராளியின் உடலுக்கு அல்ல, இடத்துக்கு. 'நீ இங்கே நிற்க முடியாது' என்று சொல்லிக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. ஓடுகிறவன் ஓடட்டும். அவன் ஓடினால் உங்கள் வேலை முடிந்தது, தோற்றதாக ஆகாது. வாட்சண்டைப் போட்டிகளில் புள்ளி எடுத்துப் பழகியவர்களுக்கு இதை ஏற்பது கடினம். எதிராளி பின்வாங்கினால் அவர்களுடைய கால் தானாகவே முன்னே போய்விடும்.

பலரைச் சமாளிக்கும் இந்தக் குணத்தை 1570-இல் இத்தாலிய வாட்கலை ஆசிரியர் ஜாக்கோமோ தி கிராஸ்ஸியும் எழுதியிருக்கிறார். பல துடுப்புக் கப்பல்களின் நடுவே நிற்கும் ஒரு பெருங்கப்பலைப்போல இந்த வாள் பல ஆயுதங்களைத் தனியாகத் தாங்கும் என்பது அவருடைய உவமை. போர்க்களத்தில் இதை ஏந்துபவர்களைக் கொடிக்கு அருகில் நிறுத்துவார்கள் என்றும் சொல்கிறார். அங்கி போய்க் கொடி வந்திருக்கிறது, வேலை அதேதான். கொடிக்காரனை விட்டுவிட்டு எதிரியைத் துரத்திக்கொண்டு போகிற காவலன் யாருக்குப் பயன்?

தசையால் சுழற்றுவது

இந்த வாள் பத்துக் கிலோ இருக்கும் என்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அருங்காட்சியகங்களில் காணும் ஊர்வல வாள்களைப் பார்த்து வந்த நம்பிக்கை இது. அவை அதிகாரத்தின் அடையாளமாகத் தூக்கிக்கொண்டு நடப்பதற்காகச் செய்தவை, உண்மையிலேயே கனமானவை. சண்டைக்கென்று செய்த மொந்தாந்தே பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்று கிலோவுக்குள் இருக்கும். ஒரு குடம் தண்ணீர் தூக்குகிறவர்களுக்கு இது பெரிய சுமையே இல்லை. ஆனால் நீளம் ஒன்றரை மீட்டர் என்பதால், ஓடத் தொடங்கிய முனையை நடுவழியில் நிறுத்தப் பார்த்தால் மணிக்கட்டும் தோளும் அன்றிரவே பேசும்.

பெரிய உடல்வாகும் வலுவும் உள்ளவர்களிடமே இதைக் கொடுப்பார்கள் என்று தி கிராஸ்ஸி எழுதியது உண்மைதான். அதை வைத்துக்கொண்டு, வலுவால் வாளை நகர்த்த வேண்டும் என்று புரிந்துகொண்டால் ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்கும். ஒரு கை, அலகும் கைப்பிடியும் சேரும் இடத்தில் உள்ள குறுக்குக் காப்புக்கு அருகில், மற்றொன்று கைப்பிடியின் கடைசியில். இரண்டு கைகளையும் ஒட்டிப் பிடிப்பது புதியவர்களின் வழக்கம், நெம்புகோலின் பயன் அதில் முழுதும் போய்விடும். கீழ்க்கை இழுத்துத் தள்ளுகிறது, மேல்கை தளர்வாகச் சுழலுக்கு அச்சாகிறது. ஏறக்குறைய துடுப்புப் போடுவதுபோல. வாளைத் தொடங்கிவிடுவதும் அது போகும் வழிக்கு உடலை ஒதுக்கிக் கொடுப்பதும்தான் நம் பங்கு.

கூடவே இன்னொரு குழப்பம். ஜெர்மானிய நீள்வாள் பயிற்சியிலிருந்து வருகிறவர்கள் அதே நிலைகளை இங்கே கொண்டுவந்து நிற்பார்கள். நீள்வாள் இதில் பாதி எடைதான், ஒருவனோடு ஒருவன் மோதும்போது வாளோடு வாள் ஒட்டி அழுத்தத்தை உணர்ந்து ஆடும் ஆட்டம் அது. நாலு பேர் சூழ்ந்து நிற்கும்போது ஒருவனுடைய வாளோடு ஒட்டிக்கொண்டு நின்றால் மற்ற மூவருக்கும் விருந்து வைத்ததுபோல.

நிறுத்துவது, ஒரே தாளத்தில் சுழற்றுவது

வலமிருந்து ஒரு வெட்டு, இடமிருந்து ஒரு வெட்டு. போர்ச்சுகீசியத்தில் முன்னதைத் தால்யோ என்றும் பின்னதை ரெவேஷ் என்றும் சொல்வார்கள். இவை இரண்டும்தான் பெரும்பாலான விதிகளின் உயிர். ஒவ்வொரு வெட்டோடும் ஒரு கால் நகர்கிறது. ஒரு வெட்டு முடியும் இடத்தில் அடுத்தது தொடங்குகிறது. தவறு எங்கே நடக்கிறது என்றால், வெட்டி முடித்ததும் வாளை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு 'என்ன ஆயிற்று' என்று பார்க்கிற அந்த ஒரு நொடியில். நிற்கும் மொந்தாந்தே நீளமான கம்பி, அவ்வளவுதான். அதை ஒருவன் தட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டால் அதை மறுபடி ஓடவைக்க நேரம் இருக்காது.

சரி, நிறுத்தாமல் சுழற்றுகிறேன் என்று சிலர் மாவாட்டுவதுபோல ஒரே வேகத்தில் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். பார்ப்பதற்கு நன்றாக இருக்கும். எதிரே நிற்பவன் இரண்டு சுற்றுப் பார்த்துவிட்டு மூன்றாவதன் வாலில் நுழைவான். திசையை மாற்றுங்கள், உயரத்தை மாற்றுங்கள், இரண்டு தால்யோவுக்குப் பிறகு எதிர்பாராமல் ஒரு ரெவேஷ் வரட்டும். ஓட்டம் அறுபடக் கூடாது, ஆனால் அடுத்தது என்ன என்பதை எவனும் எண்ணிச் சொல்ல முடியக் கூடாது.

சிலம்பம் பழகியவர்களுக்கு இங்கே ஒரு வசதியும் ஒரு வம்பும் உண்டு. சூழ்ந்து நிற்பவர்களின் நடுவே சுற்றிச் சுழலும் உணர்வு அவர்களுக்குக் கைவந்தது, காலடியும் தயங்காது. ஆனால் கழிக்கு இரண்டு முனையும் வேலை செய்யும், எடையும் சமமாகப் பரவியிருக்கும். வாளுக்கு ஒரு முனைதான். பின்முனையால் தடுத்துவிடலாம் என்ற பழக்கத்தில் கையைத் திருப்பினால் அங்கே இருப்பது கைப்பிடிக் குமிழ் மட்டும். கையிலிருந்து கைக்கு மாற்றும் வித்தைகளை ஒருபோதும் முயலாதீர்கள்.

குத்துவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குத்து ஒருவனைத்தான் மிரட்டும், வெட்டுகள் பலரையும் எதிர்கொள்ளும் என்று கருதிப் பெருவாள்காரர்கள் குத்துவதையே விட்டுவிடுகிறார்கள் என்று தி கிராஸ்ஸி பதிவு செய்திருக்கிறார். அங்கியைச் சுற்றி நிற்கும்போது அவர்கள் நினைத்தது சரி. ஒரு திசையில் நீட்டிய வாள் மற்ற மூன்று திசைகளையும் திறந்து விடுகிறது.

தரையைப் பார்ப்பது

காக்கும் பொருள் காலடியிலேயே கிடப்பதால் அதில் கால் சிக்கி விழுவது சாதாரணமாக நடக்கும். பயந்து கீழே பார்த்துக்கொண்டே சுற்றினால் தலை கவிழும், தலையோடு வாள் முனையும் தாழும், பின்னால் வருகிறவன் தெரிய மாட்டான். வெளியில் பயன்படுத்தும் முன், வாளே இல்லாமல் அந்தச் சாக்கைச் சுற்றி நடந்து பழகுங்கள். பார்வை வெளிப்புறம், குதிகாலும் விரலும் துணியின் ஓரத்தைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். இருட்டில் சொந்த வீட்டுப் படியை எண்ணாமல் இறங்குகிறோமே, அந்த அளவு பழக வேண்டும். எனக்கு இதற்கு மட்டும் மூன்று வாரம் ஆயிற்று, அதுவும் பாதிதான் வந்தது.

இடம் தெரியாமல் விதியைத் தேர்வது

சந்தில் நின்றுகொண்டு அகன்ற திடலுக்கான வட்டத்தைச் சுழற்றினால் முதல் அடி சுவருக்குத்தான். அங்கே பக்கவாட்டு வெட்டுகளுக்கு இடமில்லை. மேலிருந்து இறங்கும் வெட்டும், மேலே சொன்னதற்கு மாறாக, குத்தும் அங்கே கைகொடுக்கும். ஆபத்து முன்னும் பின்னும்தான், பக்கத்தில் இல்லை. துடுப்புக் கப்பலின் நடுப்பாதையும் அப்படித்தான், இரண்டு பக்கமும் துடுப்புக்காரர்களின் பலகைகள். ஃபிகெய்ரெதோ சூழலுக்கு ஒரு விதி என்று பிரித்து வைத்ததன் பயன் இங்கேதான் தெரிகிறது. எனக்குப் பிடித்த ஒன்றையே எல்லா இடத்திலும் ஆடுவேன் என்பவர்களுக்கு அந்தக் கையேட்டால் பயனில்லை.

அங்கிக்கான விதியால் மனிதரைக் காக்கப் பார்ப்பதும் இதே வகைப் பிழை. அங்கி அசையாது. மனிதர் பயந்தால் பின்னால் போவார், உங்கள் சட்டையைப் பிடித்து இழுப்பார், சில சமயம் வாளின் பாதைக்குள்ளேயே வந்துவிடுவார். பின்பக்கம் தாராளமாகச் சுழன்று வரும் வாள், காக்க வேண்டியவரையே வெட்டிவிடும். அதற்குத் தனி விதி இருப்பது வீணாக அல்ல.

பழகும் இடத்தில் நடக்கும் தவறுகள்

மொந்தாந்தேயை மோதல் பயிற்சியில் எடுக்காதீர்கள். மழுங்கலாக இருந்தாலும் இரண்டரைக் கிலோ எஃகு முழு ஓட்டத்தில் வரும்போது முகமூடியும் தலைக்காப்பும் அதற்காகச் செய்தவை அல்ல. இதைத் தனியாக, விதி விதியாகப் பழகுவதுதான் முறை. எதிராளி வேண்டுமென்றால் உங்கள் கையில் மெல்லிய பஞ்சுறைக் கழி இருக்கட்டும், அவர் கையிலும் அதுவே.

வீட்டுக்குள் பழகுவது பற்றி நான் அறிவுரை சொல்லத் தகுதியற்றவன். கூடத்தில் துடைப்பக் கழியோடு தொடங்கிய முதல் நாளே குழல்விளக்கு போயிற்று, இரண்டாம் நாள் விசிறியின் ஓர் இறக்கை வளைந்தது. திறந்த வெளிக்குப் போங்கள். உங்களைச் சுற்றி எல்லாப் பக்கமும் நாலு மீட்டராவது காலியாக இருக்கட்டும். கழி எல்லாப் பக்கமும் சரியாக ஓடத் தொடங்கிய பிறகு மரவாள், அதற்கும் பிறகுதான் எஃகு.

வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை எங்கே நிறுத்துவது என்பதையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். ஸ்பெயினின் வாட்பள்ளிகளில் மாணவர்கள் மோதும்போது ஆசிரியர் கையில் மொந்தாந்தேயோடு அருகில் நிற்பார், சூடு ஏறினால் இருவர் நடுவிலும் அதை நீட்டிப் பிரித்துவிடுவார். சண்டையில் புகுந்து விலக்கிவிடுவதற்கு 'மொந்தாந்தேயைப் போடுவது' என்ற வழக்கே ஸ்பானியத்தில் அதிலிருந்து வந்தது. உங்கள் பயிற்சியிலும் அப்படி ஒருவர் வெளியே நிற்க வேண்டும். அவர் 'நில்' என்றால் வாளைச் சட்டென்று பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். முனையை மேலே ஏறவிட்டு, தோளில் சாயவிட்டு, அதன்பிறகு திரும்பிப் பாருங்கள்.