ஹாப்ஸும் லாக்கும் ஒரே கட்டுரையில் ஒட்டாதபோது

மக்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாட்டிலிருந்தே அரசு பிறக்கிறது என்பது சமூக ஒப்பந்தக் கருத்து. அதைப் பற்றிய என் கட்டுரையில் ஹாப்ஸ், லாக், ரூசோ என்ற மூன்று தத்துவ அறிஞர்களுக்கும் ஆளுக்கு இரண்டு பத்தி. தனித்தனியாகப் படித்தால் சரி. சேர்த்துப் படித்தால் வாதமே இல்லை.

அதைச் சரிசெய்தது ஒரு கேள்விதான்: அரசு தவறினால் மக்கள் அதை எதிர்க்கலாமா? ஆளுக்கு இரண்டு பத்தி என்பதை விட்டு, மூவரையும் இதற்குப் பதில் சொல்ல வைத்தேன். உடனே ஒருவரோடொருவர் மோத ஆரம்பித்தார்கள்.

இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் எழுதியவர் ஹாப்ஸ். 1651-ல் வெளிவந்த 'லெவயதன்' நூலில், எவ்வளவு கடுமையான ஆட்சியும் ஆட்சியே இல்லாத நிலையைவிட மேல் என்கிறார். ஆனால் தன்னைக் கொல்ல வருபவரை, அது அரசே ஆனாலும், ஒருவர் எதிர்க்கலாம் என்றும் ஒத்துக்கொள்கிறார். இந்த விதிவிலக்கைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அங்கிருந்துதான் லாக்குக்குப் பாலம் போட முடிந்தது. உயிர், சுதந்திரம், உடைமை மூன்றையும் காக்கவே அரசு. அந்த நம்பிக்கையை அது முறித்தால் மக்கள் அதை மாற்றலாம் என்பது லாக்கின் வாதம்.

ஒரு எச்சரிக்கை: இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸை நீக்கிய 1688 புரட்சியை நியாயப்படுத்தவே லாக் எழுதினார் என்று பலரும் எழுதுகிறார்கள். அவருடைய நூல் வெளிவந்தது அதற்குப் பிறகுதான், ஆனால் பெரும்பகுதி முன்பே எழுதப்பட்டது என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

ரூசோவுக்குச் சில வரிகளே போதுமாயிருந்தன: இறையாண்மை மக்களுடையது, ஆட்சியாளர் அவர்களின் ஊழியர். அப்புறம், மூவரின் பிறப்பு, படிப்பு விவரங்களையெல்லாம் நீக்கினேன்.