தாத்தாவின் ராணுவ டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டைப் படிப்பது எப்படி?

"தாத்தா பர்மா யுத்தத்துக்குப் போனார், சுபேதாரா ரிட்டயர் ஆனார்" என்று வீட்டில் சொல்வார்கள். டிரங்குப் பெட்டிக்கு அடியில் கிடக்கும் காகிதம் பெரும்பாலும் அதைவிட அடக்கமாகப் பேசும். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தவர்களின் காகிதங்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. என் அம்மாவழித் தாத்தாவின் சர்டிபிகேட்டோடு மல்லுக்கட்டியதில் தேறியது இது.

படி 1: படம் எடுங்கள்

முதலில் ஒரு வேண்டுகோள்: லேமினேஷன் கடைப் பக்கம் போய்விடாதீர்கள். ஒருமுறை சூடுபட்டு ஒட்டிவிட்டால் பிரிக்க வழியில்லை. ஸ்கேனர் ஆப்களும் எனக்கு ஆகாது. எல்லாவற்றையும் பளிச்சென்று கறுப்பு வெள்ளையாக்கி, பென்சிலில் எழுதியதை விழுங்கிவிடும். காலை வெயில் பக்கவாட்டில் சாயும் ஜன்னலோரம் காகிதத்தை வைத்து, சாதாரண கேமராவில் எடுத்து, ஸ்னாப்சீட் என்ற போட்டோ எடிட்டிங் ஆப்பில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் போதும். பின்பக்கத்தையும் எடுங்கள்.

படி 2: பெயரை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள்

எல்லாரும் சிக்கிக்கொள்வது இங்கேதான், நானும் நெடுநாள் இங்கேயே நின்றேன். முனுசாமி என்ற பெயரை ஒரு கிளார்க் முனிசாமி என்பார், இன்னொருவர் முனிஸ்வாமி என்பார், ஆங்கிலத்தில் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டு. நம் இனிஷியலோ, ஒரு காகிதத்தில் இருக்கும், அடுத்ததில் காணாமல் போயிருக்கும். ஆகவே பெயரை வைத்துத் தேடினால் ஊர்ப்பட்ட முனுசாமிகள் வருவார்கள். மாறாமல் நிற்பது சர்வீஸ் எண்ணும் படைப்பிரிவும்தான். இரண்டையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். ஒரே எண் வேறு பிரிவில் வேறொருவருக்கும் இருக்கலாம்.

ஆள் சரியா என்று உறுதிசெய்ய முகவரிக் கட்டம் உதவும். படிவம் வடநாட்டு வழக்கப்படி இருக்கும். ‘தெஹ்சில்’ என்றால் நம் தாலுகா, ‘தாணா’ என்றால் போலீஸ் ஸ்டேஷன். இந்தத் தாணாவைத் தள்ளிவிடாதீர்கள். என் தாத்தாவின் சர்டிபிகேட்டில் கிராமம் ‘புதூர்’, ஜில்லா ‘சேலம்’. தமிழ்நாட்டில் புதூர் இல்லாத ஜில்லா எது? அதோடு அன்றைய சேலம் ஜில்லாவுக்குள் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அடக்கம். கடைசியில் தாணாதான் ஊரைக் காட்டிக்கொடுத்தது. அடுத்த வரியில் ‘இடது புருவத்தின் மேல் தழும்பு’ என்று அங்க அடையாளம். அம்மாவிடம் படித்துக் காட்டியதும், "அவர்தான்" என்று முடித்துவிட்டாள்.

வயதை மட்டும் நம்பாதீர்கள். படையில் சேரும்போது வாயால் சொன்ன வயது அது.

படி 3: படைப்பிரிவின் சுருக்கெழுத்து

ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. என்றால் லாரி, ரேஷன், சப்ளை. ஐ.இ.எம்.இ. வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்ப்பவர்கள். ஐ.ஏ.எம்.சி. மருத்துவப் பிரிவு. கியூ.வி.ஓ. மெட்ராஸ் எஸ். அண்ட் எம். என்றிருந்தால் பெங்களூரின் மெட்ராஸ் சாப்பர்கள், பாலம் கட்டுபவர்கள், கண்ணிவெடி எடுப்பவர்கள். சாப்பர் என்றால் கம்பெனி (படைப்பிரிவின் உட்பிரிவு) எண்ணைக் கட்டாயம் தேடுங்கள். உதாரணமாக 12-வது ஃபீல்டு கம்பெனி, 4-வது இந்திய டிவிஷனோடு இத்தாலியின் கசீனோ போர்க்களம் வரை போனது. டி.ஓ.எஸ். என்றால் அந்தப் பிரிவின் கணக்கில் சேர்த்தார்கள், எஸ்.ஓ.எஸ். என்றால் கணக்கிலிருந்து நீக்கினார்கள். பெரும்பாலும் இது வெறும் இடமாற்றம்தான், வேலையை விட்டுத் துரத்தியதாக நினைத்துப் பதற வேண்டாம்.

படி 4: பதவி

சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார், ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர். இதுதான் காலாட்படை வரிசை. பதவிக்கு முன்னால் ‘ஆக்டிங்’ என்று இருந்தால் தற்காலிகம், படை கலைந்தபோது பழைய பதவிக்கே இறங்கியிருக்கலாம். ஊரில் ‘சுபேதார் வீடு’ என்று பெயர் எடுத்த எத்தனையோ வீடுகளில் காகிதம் ‘நாயக்’ என்றுதான் இருக்கும். சண்டைக்குப் போகாதீர்கள், பெரியவர்கள் மனம் நோகும்.

படி 5: மெடல்கள்

நட்சத்திர வடிவ மெடல்களை வைத்து அவர் எங்கே இருந்தார் என்று ஓரளவு கணிக்கலாம். ஆப்பிரிக்கா ஸ்டார் 1940 ஜூன் முதல் 1943 மே வரை வட ஆப்பிரிக்காவுக்கு, இத்தாலி ஸ்டார் 1943 ஜூன் முதல் 1945 மே வரை. பர்மா ஸ்டார் இருந்தால் பர்மா போனார் என்று எழுதிவிடாதீர்கள். 1942 மே முதல் வங்காளம், அசாமில் பணியாற்றியவர்களுக்கும் அது உண்டு. 28 நாள் சர்வீஸ் இருந்தாலே வார் மெடல் கிடைத்தது. இந்தியா சர்வீஸ் மெடல், போர்முனைக்குப் போகாமல் மூன்று வருடம் பணியாற்றியவர்களுக்கானது. அது இருந்தால், நெடுங்காலம் இந்தியாவிலேயே இருந்தார் என்று பொருள்.

படி 6: மேலே தேட

காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளம் இலவசம். சர்வீஸ் எண்ணை மட்டும் போட்டே தேடலாம். ஆனால் அதில் இருப்பவர்கள் போர்க்காலத்தில் இறந்தவர்கள் மட்டுமே. உயிரோடு திரும்பிய தாத்தா அங்கே கிடைக்கமாட்டார். அவருக்கு அந்தந்தப் பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுத வேண்டும்: சாப்பர் என்றால் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூர் பக்கம் வெலிங்டன். சர்டிபிகேட் நகல், வாரிசுச் சான்று இரண்டையும் வைத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எழுதத் தயக்கமாக இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

கம்பெனி நாளுக்கு நாள் எங்கே இருந்தது என்பது வார் டைரிகளில் இருக்கும். லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில், மத்திய கிழக்குக்கு டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ் கோப்புகள்) 169, இத்தாலிக்கு 170, பர்மாவுக்கு 172 வரிசைகளைப் பாருங்கள். தாத்தாவின் பெயரை அதில் எதிர்பார்க்காதீர்கள், அதிகாரிகள் பெயர்தான் வரும்.

பிற்சேர்க்கை: பின்னூட்டத்தில் ஒருவர், பெரியப்பா காகிதத்தில் ‘கிரே’ என்று இருக்கிறதே, தலைமுடி நிறமா என்று கேட்டிருந்தார். அவர் சிங்கப்பூரில் பிடிபட்டவர் என்றால் அது வேறு விஷயம். 1942 பிப்ரவரி 15-ல் அங்கே ஜப்பானியரிடம் சரணடைந்த இந்தியச் சிப்பாய்களில் பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். போருக்குப் பின் பிரிட்டிஷார் அவர்களுடைய விசுவாசத்தை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தார்கள். ‘கிரே’ அந்த நடுத்தரம். மலேயா தோட்டங்களிலிருந்து நேராக நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழர்கள் பிரிட்டிஷ் ராணுவத்திலேயே இருந்ததில்லை. அவர்களை ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸில் தேடிப் பயனில்லை, டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் தொடங்குங்கள்.

மேலும் ஒன்று: முதல் உலகப்போர் மெடல்களைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: உருண்டை மெடலின் விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் அங்கே பொறித்திருக்கும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள்.