ஹிஸ்டரி டிபார்ட்மெண்ட்டும் ஊரும் ஒண்ணா சேரணும்னா எங்க ஆரம்பிக்கணும்: நம்ம நெல்லைப் பக்கத்துக்கு

நம்ம பக்கம் ஒரு ஹிஸ்டரி டிபார்ட்மெண்ட் ஊரோட சேர்ந்து ஏதாச்சும் செய்யணும்னு நெனச்சா உடனே செமினார் ஹால புக் பண்ணி பேனர் அடிச்சிருதாங்க, ஊர்லருந்து ஒருத்தரும் வரமாட்டாங்க, உக்காந்திருக்கது பூராம் அட்டெண்டன்ஸுக்கு வந்த பிள்ளைங்கதான். நானும் பாளையங்கோட்டைல பாடம் எடுக்க ஆரம்பிச்ச புதுசுல அப்படித்தான் பண்ணுனேன். அதுக்கப்புறம் பிள்ளைங்களோட தெருவுல அலைஞ்சு கத்துக்கிட்டத எழுதுதேன், புதுசா ஆரம்பிக்கவங்களுக்கு உதவும்.

பழசுல ஆரம்பிக்காதீங்க. "உங்க ஊர் வரலாறு சொல்லுங்க"னு கேட்டா "எங்களுக்கு என்னய்யா தெரியும், வாத்தியாரப் போய் கேளுங்க"ம்பாங்க. அதுக்குப் பதிலா 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தப் பத்தி கேளுங்க. "உங்க வீட்ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" இந்த ஒத்தக் கேள்வி போதும், ஆத்தோரத்துல இதுக்குப் பதில் சொல்லாத வீடே கிடையாது, சொல்லிட்டு இருக்கும்போதே அவங்களா "தொண்ணூத்திரெண்டு வெள்ளத்துல இத விட"னு 1992 நவம்பருக்குப் போயிருவாங்க. அப்படியே வாய்க்கா, மடை, எந்தக் குளம் எப்போ தூந்து போச்சு, எந்தப் படித்துறையில யாரு குளிக்கலாம் யாரு கூடாதுனு இருந்துச்சு, எல்லாம் வந்துரும்.

ஒரு முடுக்குல, அதான் சின்னச் சந்துல, ஒரு ஆச்சி வீடு. கதவு நிலையில ஆள் நெஞ்சு உசரத்துக்கு துருப்பிடிச்ச ஆணி ஒண்ணு. காலண்டர் மாட்டுததுக்குனு நெனச்சோம், அது அவங்க வீட்டுத் தாத்தா 92-ல தண்ணி வடிஞ்ச மறுநாள் அடிச்சு வச்சதாம். 2023 சகதிக்கோடு அதுக்கு ஒரு சாண் கீழ இன்னும் சொவத்துல தெரியுது, வெள்ளையடிக்கல. எங்க பிள்ளை ஒருத்தி டேப்ப பிடிச்சிட்டு ஆணியத் தொட்டுப் பார்த்தா, ஆச்சி பதறிட்டாங்க, "ஏ மக்கா, அதப் பிடுங்கிராதட்டி, அவுஹ கையால அடிச்சது". எந்த ரெக்கார்ட்லயும் இல்லாத ஒரு அளவு அது. அதுக்கப்புறம் தெருத்தெருவா ரெண்டு வெள்ளத்துக்கும் அடையாளம் தேடி தரையிலருந்து எத்தன அடினு அளந்து மேப்ல போட்டோம்.

பேச்சு வாய்க்காலுக்கு வந்ததும் பிள்ளைங்களுக்கு அணைக்கட்ட காட்டுங்க. தாமிரபரணியில 8 அணைக்கட்டு, அதுல வெள்ளக்காரன் காலத்துல கட்டுனது ஸ்ரீவைகுண்டம் மட்டும்தான், மத்த 7-ம் அதுக்கு முந்தி. அந்தத் தண்ணியிலதான் இன்னைக்கும் நெல்லு நடுதோம், பழசும் புதுசும் ஒண்ணுதாங்கத இத விட லேசா சொல்லிக் குடுக்க முடியாது.

வீட்டுக்குப் போகும்போது ரெண்டு பேரா போகச் சொல்லுங்க, ஒராள் பேசணும் ஒராள் எழுதணும். ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணலாமானு மொதல்லயே கேட்டிரணும், வேண்டாம்னா விட்டிரணும். ஃபார்ம் நீட்டாதீங்க, ஃபார்மப் பார்த்தா ஏதோ கவர்மெண்ட் கணக்கெடுப்புனு ரேஷன் கார்ட தூக்கிட்டு வருவாங்க. மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் பீடி சுத்துத அம்மாக்கள வேலைய நிறுத்தச் சொல்லாதீங்க, தட்டு மடியில இருக்கும்போது கை அது பாட்டுக்கு ஓடும், வாய் பேசும், அப்போ வருத பேச்சுதான் நல்ல பேச்சு.

இன்னொண்ணு, இத நான் அழுத்தமாவே சொல்லுதேன். எல்லாத் தெருவுக்கும் போங்க. நம்ம பக்கம் ஊருன்னா ஒரு தெரு இல்ல, கோயில் தெரு, சர்ச் தெரு, பள்ளிவாசல் தெரு, காலனினு இருக்கு, ஒரே கேள்விய எல்லா எடத்துலயும் கேக்கணும். ஒரு தெருவுல மட்டும் கேட்டுட்டு ஊர் வரலாறுனு போட்டா மத்த தெருக்காரங்க நம்மள திரும்ப நம்பவே மாட்டாங்க.

துக்கம் இருக்க எடத்துல நிதானமா போகணும். மலை மேல இருக்க மாஞ்சோலைக் காடு 1929-ல சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட இருந்து தேயிலைத் தோட்டக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குப் போனது, தோட்டத் தொழிலாளர் கூலிப் போராட்டத்துல 1999 ஜூலை 23 அன்னைக்கு கலெக்டர் ஆபீஸ் பக்கம் தடியடி நடந்து தாமிரபரணியில 17 பேர் செத்தாங்க. அந்தக் குடும்பத்துக்காரங்கள அசைன்மெண்ட்டுக்காக யாரும் போய் கிளறக் கூடாது. ஜூலை 23-க்கு ஆத்துல பூ போட வருவாங்க, பிள்ளைங்கள கூட்டிட்டுப் போய் பின்னால நின்னா போதும், அவங்களா பேசுனா கேளுங்க.

ஃபோட்டோ, பத்திரம் எதையும் வீட்ட விட்டு வெளிய எடுத்துட்டு வராதீங்க. ஒரு தாத்தாகிட்ட கல்யாண ஃபோட்டோ ஒண்ண ஸ்கேன் பண்ணித் தாரேன்னு வாங்கிட்டு வந்து எங்கயோ தவற விட்டுட்டேன். திட்டல, "பரவால்ல தம்பி"னு சொன்னாரு, அது எனக்கு இன்னும் உறுத்துது. சன்னல் வெளிச்சத்துல வச்சு அங்கயே ஃபோன்ல படம் எடுத்துட்டு அந்த நிமிஷமே திருப்பிக் குடுத்துருங்க.

கல்வெட்டுக்குப் போறதுன்னா மறுகால்தலை பக்கத்துலயே இருக்கு, சீவலப்பேரிக்கிட்ட, ஒத்த வரி தமிழி எழுத்து, அதான் தமிழ் பிராமிங்க பழைய எழுத்து, காசிபன்னு ஒருத்தர் குடுத்த கற்படுக்கைய, கல்லுல வெட்டுன படுக்கையப் பத்தி. எழுத்து தெளிவாத் தெரியணும்னு சாக்பீஸ், மாவு எதையும் தேய்க்காதீங்க, சாயங்கால வெயில் சாய்வா விழும்போது போனா தானா தெரியும்.

பழைய ரெக்கார்ட் தேடுத பிள்ளைங்களுக்கு ஒரு விஷயம், தூத்துக்குடி 1986-லயும் தென்காசி 2019-லயும்தான் தனி மாவட்டமாச்சு, அதனால தொல்லியல்காரர் அலெக்சாண்டர் ரீ 1899-லருந்து ஆதிச்சநல்லூர்ல தோண்டுனது, கொற்கை, குற்றாலம் எல்லாமே பழசுல 'டின்னவெல்லி'க்கு, அதான் வெள்ளக்காரன் எழுதுன திருநெல்வேலிக்கு, கீழதான் கிடக்கும். பிஷப் கால்டுவெல் திருநெல்வேலி வரலாறு பத்தி எழுதுன 1881 புத்தகமும் 1917 மாவட்ட கெசட்டியரும் படிச்சிட்டுப் போங்க, ஆனா அத வச்சு ஆச்சிய திருத்தாதீங்க. ரெண்டும் ஒத்துப்போகலனா ரெண்டையும் எழுதி வைங்க.

கடைசி வேலைதான் நெறைய டிபார்ட்மெண்ட் செய்யாம விடுதது, வாங்குனத ஊருக்குத் திருப்பிக் குடுக்கது. ஹாலுக்குக் கூப்புடாதீங்க, கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போங்க. கொடை நடத்துத பெரியவங்கள முன்னாடியே பார்த்து வில்லுப்பாட்டு ஆரம்பிக்கதுக்கு முந்தி ஒரு அரை மணி நேரம் கேட்டு வாங்குங்க, வெள்ள மேப்ப பெரிய ஃப்ளெக்ஸா அடிச்சு கோயில் செவத்துல கட்டுங்க, அவங்க சொன்னத அவங்க பேச்சுலயே பிள்ளைங்க மைக்ல வாசிக்கட்டும். காலனியிலயும் சர்ச் முன்னாலயும் அதே மேப்ப கொண்டு போய் அதே மாதிரி வாசிக்கணும்.

நாங்க மொத தடவ கட்டுனப்போ அந்த ஆச்சி பேரன் கையப் பிடிச்சிட்டு வந்து ரொம்ப நேரம் பார்த்தாங்க. "எங்க முடுக்கு சரியா இருக்கு, மேலத்தெருவுக்குத் தண்ணி இந்தப் பக்கமா வரல, வாய்க்கா உடைச்சு அந்தப் பக்கமா வந்துச்சு"ன்னாங்க. பின்னால நின்ன ரெண்டு அண்ணாச்சிமாரும் ஆமான்னாங்க, எங்க பிள்ளை பேனாவ எடுத்து ஃப்ளெக்ஸ் மேலயே கோட்ட மாத்திப் போட்டா, திங்கக்கிழமை டேப்ப எடுத்துட்டு திரும்ப மேலத்தெருவுக்குப் போனோம்.