ஆன் ஆகாத பழைய லேப்டாப்: கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன்

பரண் மேல் இரண்டு வருடம் கிடந்த லேப்டாப் அது. 2014-ல் வாங்கியது. அக்கா மகள் தமிழ் டைப்பிங் பழகக் கேட்டாள் என்று இறக்கினேன். பட்டனை அழுத்தினால் ஒரு விளக்குகூட எரியவில்லை. கடையில் காட்டினேன். "மதர்போர்டு போயிடுச்சு சார், 4,500 ஆகும்" என்றார்கள். கடைசியில் 100 ரூபாயில் முடிந்தது. போர்டில் ஒரு குறையும் இல்லை.

முதலில் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ, டச்பேட் மேலே தள்ளியிருந்தாலோ பேட்டரி வீங்கிவிட்டது என்று அர்த்தம். சார்ஜ் போடாதீர்கள், நெம்பவும் வேண்டாம். அதை மட்டும் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

உப்பவில்லையா, சரி. சார்ஜரைப் பிடுங்குங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சம் தேங்கியிருக்கும் மின்சாரம் வடியும். பிறகு பேட்டரி இல்லாமலே சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். நிறைய லேப்டாப்கள் இதிலேயே எழுந்துவிடும். என்னுடையது எழவில்லை.

அடுத்தது சார்ஜர். நான் ஒரு வாரம் வீணடித்த இடம் இது.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்தேன். சிவப்பு முனை, லேப்டாப்பில் செருகும் சார்ஜர் பின்னின் குழிக்குள், கறுப்பு முனை வெளி உலோகத்தில். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. 19.4 காட்டியது. அடாப்டரில் அச்சிட்டிருந்தது 19.5. சார்ஜர் நல்லாத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டி, லேப்டாப்பைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டேன்.

நின்றுகொண்டிருக்கும் வண்டியின் இன்ஜின் சத்தத்தை வைத்து அது மலை ஏறும் என்று சொல்ல முடியுமா? அதே கதைதான். மல்டிமீட்டர் கிட்டத்தட்ட கரண்டே எடுக்காது. ஒயருக்குள் ஒரே ஒரு செம்பு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதற்கு 19.4 கிடைத்துவிடும். லேப்டாப் கேட்பது இரண்டு, மூன்று ஆம்பியர். அந்த ஒற்றை இழையால் தாங்க முடியாமல் வோல்ட் தடாலென்று விழும். பின்னுக்குச் சற்று மேலே, ஒயர் எப்போதும் மடங்கும் இடத்தில், என் சார்ஜரின் உறையைக் கீறிப் பார்த்தேன். இழைகள் பச்சை பூத்து, முக்கால்வாசி அறுந்து கிடந்தன.

அதனால் மீட்டரை நம்பி நிற்காதீர்கள். பக்கத்து வீட்டில் பொருந்துகிற சார்ஜர் இருந்தால் ஒரு நிமிடம் இரவல் வாங்குங்கள். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும்; ஆம்பியர் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. எனக்கு அப்படித்தான் விளக்கு எரிந்தது. பழைய சார்ஜருக்குப் பின்னை வெட்டிப் புதுப் பின் வைத்துக் கொடுத்தார்கள், அதற்குத்தான் அந்த 100 ரூபாய். ஆனால் அடாப்டர் டப்பாவை நீங்களே உடைத்துத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே அடிக்கிற அளவுக்கு மின்சாரம் நிற்கும்.

விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் ரேமை, அதாவது உள்ளே இருக்கும் நினைவகப் பட்டையைப் பாருங்கள். மறுபடி சார்ஜர், பேட்டரி இரண்டையும் எடுத்துவிட்டு, அடி மூடியைக் கழற்றி, ரேமைப் பிடித்திருக்கும் கிளிப்பை இருபக்கமும் விலக்கினால் ரேம் சாய்ந்து எழும். பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, சாய்வாகச் செருகி அழுத்துங்கள். இரண்டு பக்கமும் 'டக்' சத்தம் கேட்க வேண்டும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அப்படியும் படம் வரவில்லையென்றால் இருட்டறையில் திரை மேல் டார்ச் அடியுங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் லேப்டாப் உயிரோடுதான் இருக்கிறது, திரையின் பின்விளக்கு மட்டும் போயிருக்கிறது. டிவியில் ஹெச்டிஎம்ஐ போட்டு வேலையை ஓட்டலாம்.

கருவி என்று பார்த்தால், 32 முனை உள்ள மலிவு செட் வேண்டாம், முனை இரண்டே நாளில் மழுங்கும். நல்ல ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் சின்னதில் ஒன்று போதும். ஸ்க்ரூவுக்கு என் ஏற்பாடு பழைய தினசரி காலண்டர் அட்டை. லேப்டாப்பின் அடிப்பக்கத்தை அதில் வரைந்து, கழற்றிய ஸ்க்ரூவை அந்தந்த இடத்தில் குத்தி வைப்பேன். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் இடத்தில் போட்டு மேல்பக்கம் துளைத்துக்கொண்டு வந்த அனுபவம்!

சார்ஜரைச் செருகியதும் அடாப்டரின் விளக்கே அணைகிறதா? வேறு சார்ஜரும் அப்படியே செய்கிறதா? போர்டில் ஷார்ட் இருக்கலாம், கடைக்குத்தான் போக வேண்டும். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

பிற்சேர்க்கை: பேட்டரி உள்ளேயே பதிந்திருக்கிறதே, எப்படிக் கழற்றுவது என்று இருவர் கேட்டிருந்தார்கள். சில மாடல்களில் அடியில் ஊசித் துளை இருக்கும், பக்கத்தில் பேட்டரி படம் போட்டிருக்கும். சார்ஜரை எடுத்துவிட்டு, பேப்பர் கிளிப்பை நீட்டிச் சில வினாடி அழுத்துங்கள். துளை இல்லையென்றால் பவர் பட்டனையே நீளமாக அழுத்திப் பாருங்கள். இன்னொருவர் டைப்-சி சார்ஜரை மீட்டரில் வைத்துவிட்டு 19 வரவில்லை என்று பயந்திருந்தார். அது வராது. லேப்டாப்போடு பேசி முடித்த பிறகுதான் அந்த சார்ஜர் முழு வோல்ட்டைக் கொடுக்கும். அதற்கு இரவல் சார்ஜர்தான் வழி.