'ஹெல்ப் அவுட்': எங்கே சொல்லலாம், எப்படிச் சொல்லலாம்

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வருவதால், காந்தி சாலை விடுதிகளிலும் மருந்துக் கடைகளிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் அன்றாடத் தேவையாகிவிட்டது. அவர்கள் கூச்சமின்றிப் பேச முதலில் பழக வேண்டிய தொடர்களில் 'ஹெல்ப் அவுட்' ஒன்று என்பது என் கருத்து.

'ஹெல்ப்' என்பது எல்லா வகை உதவிக்கும் பொதுவான சொல். அதனுடன் 'அவுட்' சேரும்போது, வேலைச்சுமையிலோ பணமுடையிலோ இக்கட்டிலோ இருப்பவருக்கு, பெரும்பாலும் அந்த நேரத்துக்கு மட்டும், கைகொடுப்பது என்ற பொருள் வருகிறது. விடுமுறையில் மாமா கடையில் ஒத்தாசையாக இருக்கும் மாணவர், 'ஐ ஹெல்ப் அவுட் அட் மை அங்கிள்ஸ் ஷாப்' என்பார். யாருக்கு உதவி என்று தனியே சொல்லாமலே அந்த வாக்கியம் நிறைவடைகிறது.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது சொல் வரிசையில்தான். மீ, யூ, ஹிம், ஹெர், அஸ், தெம் போன்ற சொற்கள் கட்டாயம் நடுவில்தான் வர வேண்டும்: 'ஹெல்ப் மீ அவுட்' சரி, 'ஹெல்ப் அவுட் மீ' தவறு. பெயர்ச்சொல்லானால் 'ஹெல்ப் மை பிரதர் அவுட்', 'ஹெல்ப் அவுட் மை பிரதர்' இரண்டும் சரியே. இறந்தகாலக் குறி 'ஹெல்ப்' உடன் சேரும்: 'ஷீ ஹெல்ப்ட் அஸ் அவுட்'. வாய்விட்டுச் சொல்லிப் பழகும்போது 'அவுட்' என்பதைச் சற்று அழுத்திச் சொல்லுங்கள்.

எதில் உதவி என்பதைச் சொல்ல 'வித்' சேர்க்க வேண்டும். விடுதி வரவேற்பு மேசையில் படிவத்தை நீட்டி, 'குட் யூ ஹெல்ப் மீ அவுட் வித் திஸ் ஃபார்ம்?' என்று கொல்கத்தாக்காரர் கேட்டால், 'ஷ்யூர், விச் பார்ட்?' என்று கேட்டு, அவர் விரல் வைக்கும் கட்டத்தை விளக்கினால் போதும். செய்யும் செயலையே நேராகச் சொல்லும்போது 'அவுட்' தேவையில்லை: 'ஹெல்ப் மீ ஃபில் இன் திஸ் ஃபார்ம்'.

மருந்தால் வலி குறையும் என்பதற்கு 'திஸ் டேப்லெட் வில் ஹெல்ப்' என்பதே இயல்பு. ஆபத்தில் கூவி அழைப்பதற்கும் 'ஹெல்ப்!' மட்டுமே. பேச்சு வழக்கின் நெருக்கம் இத்தொடரில் இருப்பதால், அலுவலகத்துக்கு எழுதும் விண்ணப்பத்தில் இதைத் தவிர்த்து 'அசிஸ்ட்' என்று எழுதுவது பொருத்தம்.