போர் வண்டி எஞ்சின் ஆயிலை லேபுக்கு அனுப்புவது எப்படி

திருச்செங்கோட்டில் போர் வண்டி, அதாவது ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி வைத்திருப்பவர்கள் ஆயிலை விரலால்தான் பார்ப்பார்கள். ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் கம்பியை உருவி, ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து, மோந்து பார்த்து, "இன்னும் ஓடும்" என்பார்கள், இல்லாவிட்டால் "இறக்கிரு" என்பார்கள். என் அப்பாவும் அப்படித்தான். அந்த விரல் பொய் சொல்லாது. டீசல் கலந்திருந்தால் வாடையில் தெரியும், தண்ணீர் இறங்கியிருந்தால் ஆயில் பால் கலந்த டீ மாதிரி ஆகிவிடும். ஆனால் ஆயிலில் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) சிலிக்கான் இருப்பது எந்த விரலுக்கும் தெரியாது. எங்கள் வண்டியில் கம்ப்ரசரை ஓட்டுகிற எஞ்சினில் 40 லிட்டர் ஆயில் பிடிக்கும். அதில் 30 பிபிஎம் என்றால் கணக்குப்படி ஒரு கிராம்தான். அந்த ஒரு கிராம் பாறைத்தூளிலிருந்து வந்தது. சிலிண்டர் லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அதுதான். எங்கள் தொழிலில் எஞ்சின் போவது பெரும்பாலும் இந்தத் தூசியால்.

எங்களுக்கு இரண்டு வண்டி. ஒன்று கர்நாடகாவில் ராய்ச்சூர் பக்கம் ஓடுகிறது, இன்னொன்று சத்தீஸ்கரில். நான் இருப்பது ஊரில். எஞ்சின் எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்வது மேனேஜர் தம்பியின் போனும், லேப் ரிப்போர்ட்டும்தான். ஆறு வருடமாக 250 மணி நேரத்துக்கு ஒரு சாம்பிள் அனுப்புகிறோம். அதில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். லாரி, ஜெனரேட்டர், ஜேசிபி வைத்திருப்பவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

இது புதுசாக வந்த வித்தையில்லை. அமெரிக்காவில் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் ரயில்வேயின் ஆய்வுக்கூடம் 1946-லேயே எஞ்சின் ஆயிலில் உள்ள உலோகத்தை அளந்து டீசல் எஞ்சின் கோளாறைக் கண்டுபிடித்தது. நம் ரயில்வே டீசல் ஷெட்களிலும் இதற்கென்றே லேப் உண்டு. ஷெட்டுக்குள்ளேயே லேப் இருப்பவர்களுக்கு வேலை சுலபம். நமக்குப் பல நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் வண்டி நிற்கிறது. அதனால் எடுக்கிற விதமும் கட்டுகிற விதமும் சரியாக இருக்க வேண்டும்.

முதலில் லேபைப் பிடியுங்கள். என்ஏபிஎல் (பரிசோதனைக்கூடங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா, அந்த அங்கீகாரம் ஆயில் பரிசோதனைக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். ஆயிலை மொத்தமாக வாங்குபவர்கள் முதலில் ஆயில் கம்பெனி டீலரிடம் கேட்பது நல்லது. பெரிய வாடிக்கையாளர்களுக்கு அவர்களே பரிசோதித்துத் தருவதுண்டு. விலை குறைந்த பேக்கேஜில் உலோகம், பிசுபிசுப்பு இரண்டை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். எனக்கு வேண்டியது 100 டிகிரியில் பிசுபிசுப்பு, டிபிஎன் (அமிலத்தை முறிக்க ஆயிலில் இருக்கும் சக்தி), தண்ணீர், டீசல் கலப்பு, கரி, உலோகங்கள், பிக்யூ இன்டெக்ஸ் (இரும்புத் துணுக்கின் அளவு). இந்த ஏழும் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்டுவேன். காலி பாட்டிலையும் அவர்களிடமே வாங்கிக்கொள்வேன். 100 மில்லி பிடிக்கிற, கனமான வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில். தண்ணீர் பாட்டிலில் பிடிக்கவே கூடாது. சூடான ஆயில் பட்டதும் அது சுருங்கி வளைந்துவிடும். டானிக் பாட்டிலைக் கழுவிப் பிடித்தால் அதிலிருந்த உப்பும் சர்க்கரையும் சேர்ந்து லேபுக்குப் போகும்.

ஆயிலை எடுக்கும் இடத்தில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். எஞ்சின் நன்றாக ஓடி, சூடேறி, ஆயில் எல்லாம் கலங்கி இருக்கும்போது எடுக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் எடுத்தால் கரியும் உலோகமும் சம்ப்பின் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அடியில் படிந்து கிடக்கும், மேலே தெளிந்த ஆயில்தான் வரும். ரிப்போர்ட் அழகாக இருக்கும், எஞ்சின் அப்படி இருக்காது. நிறுத்திய பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

சின்னக் கைப்பம்பு ஒன்று கிடைக்கிறது. பாட்டிலை அதன் அடியில் திருகி, மேலே ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, இழுத்தால் ஆயில் ஏறும். குழாயை டிப் ஸ்டிக்கோடு சேர்த்துப் பிடித்து, அதன் முனையைத் தாண்டி 2, 3 செ.மீ. இறங்குகிற அளவுக்கு அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். சம்ப்பின் அடியைத் தொடும்வரை விட்டால் பல மாதச் சேறு முழுக்க வரும். பம்பைச் சாய்க்காமல் நேராகப் பிடியுங்கள், சாய்ந்தால் ஆயில் பம்புக்குள் ஏறி அடுத்த சாம்பிளையும் கெடுக்கும். குழாய் ஒவ்வொரு முறையும் புதுசு. இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பம்பு இல்லையென்றால் ஆயில் இறக்கும்போது பிடிக்கலாம். டிரெயின் போல்ட்டைக் கழற்றியதும் வருவதைப் பிடிக்காதீர்கள், கடைசியில் சொட்டுவதையும் பிடிக்காதீர்கள். பாதி ஓடிய பிறகு, ஓடுகிற ஆயிலில் பாட்டிலைக் காட்டி எடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கொதிக்கிற ஆயில் அது. இறக்கிய தட்டிலிருந்து மொண்டு எடுத்தது சாம்பிளே இல்லை.

போர் போடும் இடத்தில் இன்னொரு கவனம் வேண்டும். துளையிலிருந்து வெள்ளைத்தூள் பறந்துகொண்டிருக்கும்போது பாட்டில் மூடியைத் திறந்தால் லேப் அந்தத் தூளைத்தான் அளக்கும். ராடு மாற்ற நிறுத்தும்போது வேண்டாம், போர் முடிந்து தூசி அடங்கட்டும், காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி நின்று எடுங்கள். டிப் ஸ்டிக் வாயைத் துடைக்கப் பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் உதிரும். நூல் விடாத துணி, இல்லாவிட்டால் டிஷ்யூ பேப்பர். பாட்டிலில் முக்கால் அளவு போதும். லேபில் குலுக்கிக் கலக்குவதற்கு இடம் வேண்டும்.

எழுதுகிற வேலையை ஆயில் எடுப்பதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். ஆயில் கையோடு எழுதினால் பேனா எழுதாது. வண்டி எண், எந்த எஞ்சின், ஆயிலின் பெயரும் கிரேடும், ஹவர் மீட்டர் எவ்வளவு, இந்த ஆயில் ஊற்றி எத்தனை மணி நேரம், நடுவில் எத்தனை லிட்டர் டாப் அப் செய்தீர்கள், தேதி. டாப் அப் கணக்கை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் பத்து லிட்டர் புது ஆயில் சேர்த்திருந்தால் உலோக அளவு குறைவாகத்தான் காட்டும். அது தெரியாமல் லேபில் "நார்மல்" என்று எழுதிவிடுவார்கள். மார்க்கரில் எழுதியதை ஆயில் அழித்துவிடும் என்பதால் லேபிளின் மேல் செல்லோ டேப்பைச் சுற்றி ஒட்டிவிடுங்கள்.

ஒரு முறை எங்கள் பையன் கம்ப்ரசர் ஆயில் பாட்டிலுக்கும் எஞ்சின் ஆயில் பாட்டிலுக்கும் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டான். கம்ப்ரசர் ஆயிலில் கால்சியமும் துத்தநாகமும் ஏகத்துக்கு இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. எஞ்சின் ஆயிலுக்குத்தான் அந்தச் சேர்மானம் உண்டு. அதை வைத்துத்தான் மாறியது தெரிந்தது. இப்போது எஞ்சினுக்குச் சிவப்பு டேப், கம்ப்ரசருக்குப் பச்சை டேப். எழுத்தைவிட நிறம் அவர்கள் கண்ணுக்குச் சீக்கிரம் படுகிறது.

அப்புறம் பார்சல். மூடியை இறுக்கி, ஒரு வெள்ளைத்தாளின் மேல் பாட்டிலைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். திரும்பி வந்து பாருங்கள். தாளில் நாலணா அளவுக்குக் கறை இருந்தாலும் மூடியை மாற்றுங்கள், இரண்டு நாள் குலுங்கிப் போகும்போது அது பாதிப் பாட்டிலாகிவிடும். கறை இல்லையென்றால் மூடியின் விளிம்பைச் சுற்றி எலக்ட்ரிக் டேப். மரையில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம், துணுக்கு உள்ளே விழும். பிறகு ஜிப் கவரில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, அதன்மேல் பனியன் வேஸ்ட்டைத் தாராளமாகச் சுற்றி, இன்னொரு ஜிப் கவரில் போடுங்கள். துடைக்க உதவாத பனியன் வேஸ்ட் இங்கேதான் உதவும். ஒழுகினாலும் மொத்த ஆயிலையும் அது குடித்துவிடும். மரத்தூளும் ஆகும். நல்ல அட்டைப் பெட்டியில் பாட்டில்களை நிமிர்த்தி வைத்து, ஆடாத அளவுக்கு அடைத்து, மேல் பக்கம் எது என்று அம்பு போடுங்கள்.

விவரத்தாளைத் தனிக் கவரில் வையுங்கள். எங்கள் முதல் பார்சலில் தாளைப் பாட்டிலோடு சுற்றி வைத்தோம். போய்ச் சேர்ந்தபோது ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை என்று லேபிலிருந்து போன் வந்தது. அன்றிலிருந்து தாளை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுகிறோம்.

கூரியர் கவுன்டரில் "ஸ்பேர் பார்ட்ஸ்" என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள். "பயன்படுத்திய எஞ்சின் ஆயில், பரிசோதனைக்கான மாதிரி, விற்பனைக்கல்ல" என்றே எழுதுங்கள். ஆயில் என்றதும் பெட்ரோல் மாதிரி தீப்பிடிக்குமோ என்று அவர்கள் பயப்படுவது நியாயம்தான். ஆயில் கம்பெனியின் பாதுகாப்புத் தகவல் தாளை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 15டபிள்யூ-40 கிரேடு எஞ்சின் ஆயிலுக்கு அதில் தீப்பற்று நிலை 200 டிகிரிக்கு மேல் என்று இருக்கும். 60 டிகிரிக்குள் தீப்பற்றுவதைத்தான் எரியும் திரவம் என்று தனியாக வகைப்படுத்துகிறார்கள். தாளைக் காட்டி, விமானத்தில் வேண்டாம், தரைவழியே போகட்டும் என்று சொன்னால் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். தபால் நிலையத்திலும் அப்படித்தான், கட்டுவதற்கு முன்னால் போஸ்ட் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எங்கள் மேனேஜர் தம்பிக்குக் கைகொடுப்பது ஆம்னி பஸ் பார்சல்தான். இரவு ஏற்றினால் காலையில் இறங்கிவிடும், அங்கே வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால் போதும். டீசல் வாடை பலமாக அடிக்கிற ஆயிலை மட்டும் எதிலும் ஏற்றாதீர்கள். அதற்கு லேப் எதற்கு? இன்ஜெக்டரையும் பம்பையும் அன்றைக்கே பாருங்கள்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன், எடுத்த சாம்பிள் கேபினில் சீட்டுக்கு அடியிலேயே 11 நாள் கிடந்தது. வேலை மேல் வேலை, டவுனுக்குப் போக யாருக்கும் நேரமில்லை. பாட்டிலில் இருக்கும் ஆயிலுக்கு அதனால் பெரிய கேடு ஒன்றுமில்லை. ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நாளைக்கு 15 மணி நேரம் என்றால் 165 மணி நேரம். ரிப்போர்ட் வந்தபோது சிலிக்கான் 34. அதற்கு முந்தைய இரண்டு முறை 9, 11. இரும்பு 28-லிருந்து 71. அலுமினியமும் கூடவே ஏறியிருந்தது. சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்து ஏறினால் மண் உள்ளே போகிறது என்று அர்த்தம். சிலிக்கான் மட்டும் தனியாக ஏறினால் புதுசாகப் போட்ட கேஸ்கெட் பசையாகக்கூட இருக்கலாம்.

நானே கிளம்பிப் போனேன். ஏர் பில்டர் புதுசு, நன்றாகத்தான் இருந்தது. பில்டரிலிருந்து டர்போவுக்குப் போகிற ரப்பர் ஹோஸின் கிளிப்பைக் கழற்றினேன். கிளிப் உட்கார்ந்திருந்த இடத்திலேயே, வெளியே தெரியாதபடி, அரை விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. ஹோஸின் உட்பக்கத்தில் அந்த வெடிப்பிலிருந்து டர்போ பக்கமாக ஒரு சாம்பல் நிறக் கோடு. கட்டைவிரலால் தடவினேன். திருநீறு மாதிரி ஒட்டியது, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் நறநறவென்றது. சில நூறு ரூபாய் ஹோஸ். லைனர் செட்டையே மாற்ற வேண்டி வந்தது. அந்த 11 நாளில் பார்த்திருந்தால் தப்பித்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். எடுத்த சாம்பிள் மறுநாளே கிளம்ப வேண்டும் என்பது அன்றிலிருந்து எங்கள் வண்டியில் சட்டம். சனிக்கிழமை மட்டும் ஏற்ற மாட்டோம், ஞாயிறு முழுக்கக் குடோனில் கிடக்கும்.

ரிப்போர்ட்டில் நான் முதலில் பார்ப்பது "நார்மல்" என்ற வார்த்தையை அல்ல, போன முறை எண்ணையும் இந்த முறை எண்ணையும்தான். செம்பும் ஈயமும் சேர்ந்து ஏறினால் பேரிங். குரோமியம் ஏறினால் ரிங். சோடியமும் பொட்டாசியமும் ஏறினால் கூலன்ட் இறங்குகிறது, தண்ணீர் தெரியாவிட்டாலும் ஹெட் கேஸ்கெட்டையும் ஆயில் கூலரையும் பாருங்கள். 40 கிரேடு ஆயிலுக்கு 100 டிகிரியில் பிசுபிசுப்பு 12.5-க்கும் 16.3-க்கும் (சென்டிஸ்டோக்ஸ் அளவில்) நடுவே இருக்க வேண்டும். இறங்கினால் டீசல் கலப்பு, ஏறினால் கரியோ, ஆயில் காய்ந்துபோனதோ. டிபிஎன் புது ஆயிலில் இருந்ததில் பாதிக்கு வந்தால் நான் ஆயிலை இறக்கிவிடுவேன். புது ஆயிலின் டிபிஎன் தெரிய வேண்டுமே, அதற்காகப் புது பேரல் உடைக்கும்போது அதிலிருந்தும் ஒரு பாட்டில் அனுப்பிவிடுங்கள். ஒப்பிட அதுதான் அடிப்படை.

லேபின் உலோகப் பரிசோதனை மிக நுண்ணிய துகள்களைத்தான் காணும். எட்டு மைக்ரானுக்கு மேற்பட்ட துணுக்கு பெரும்பாலும் அதில் சிக்காது. பிக்யூ இன்டெக்ஸ் கேட்கச் சொன்னது அதனால்தான். அதிலும் இரும்பு மட்டும்தான் தெரியும். அதனால் கழற்றிய ஆயில் பில்டரை வெட்டி, மடிப்பை விரித்து வெயிலில் பாருங்கள். மினுமினுவென்று துணுக்கு தெரிந்தால் ரிப்போர்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பில்டரை நம்புங்கள். பில்டரின் போட்டோவையும் ரிப்போர்ட்டோடு ஒரே இடத்தில் வைக்கிறேன். எஞ்சினுக்கு ஒரு நோட்டு, 250 மணிக்கு ஒரு வரி. அடுத்த சாம்பிளுக்கான பாட்டில், குழாய், ஜிப் கவர், டேப், முகவரி எழுதிய லேபிள் எல்லாம் ஒரு டிபன் டப்பாவில் அடைத்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும். வண்டி ஊருக்கு வரும்போதெல்லாம் டீசல் கணக்குப் பார்ப்பதற்கு முன்னால் அந்த டப்பாவைத்தான் திறந்து பார்க்கிறேன்.